எடைக்காரர் போட்ட பூட்டு

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ஒரு வண்டி என் பட்டறை வாசலில் திரும்பும்போதே எந்தச் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இரண்டு ஸ்பேனரோடு மரத்தடியில் ஆரம்பித்தவன், இன்று நான்கு வண்டிகளை ஒரே நேரத்தில் தூக்கி நிறுத்துகிற கூரை போட்டிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் அதற்காகச் சொல்லவில்லை. எடைக்காரரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்டுவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

எடைக்காரர் என்றால் லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்ப்பவர். ஊர் முடிகிற இடத்தில் ஒரு கண்ணாடி அறை. வெளியே லாரி ஏறி நிற்கும். உள்ளே இவர் எண்ணைப் பார்ப்பார், சீட்டுக் கிழிப்பார், தலையை நிமிர்த்த மாட்டார். டிரைவர்கள் எத்தனையோ விதமாகக் கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள்.

"கொஞ்சம் கொறச்சுப் போடுண்ணே. மழையில நனைஞ்ச மணல்."

"தண்ணிக்கும் எடை இருக்கு. காய வச்சிட்டு வா."

இதுதான் அவர். "ஆளு பொய் சொல்வான், எண்ணு சொல்லாது" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. கல்யாணத்தன்று தன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்து நகையை எடை போட்டுப் பார்த்திருப்பார் என்று அவர் மனைவி எல்லோர் முன்னாலும் கேலி பேசுவாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நல்ல மனிதர். அவர் கையால் தப்பான சீட்டு ஒன்றுகூடப் போனதில்லை.

அந்த மனிதருக்கு ஒரே ஓர் ஆசை. மனைவியையும் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு, தார் ரோடு முடிந்த பிறகும் போக வேண்டும். அதற்காகக் கல் குவாரி ஒன்று கழித்துப் போட்ட நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்பை வாங்கி என் வாசலில் கொண்டு வந்து நிறுத்தினார். கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்தது.

"அண்ணே, இது தேறுமா?"

"என்கிட்ட வந்துடுச்சுல்ல, தேறிடும்."

தேற்றினேன். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி உடம்பை உயர்த்தினேன். பாறையில் வயிறு இடிக்காதபடி அடியில் இரும்புத் தகடு கட்டினேன். பிரேக் குழாய்களை நீளமாக்கினேன். அதை மறந்துவிட்டு வண்டியை மட்டும் உயர்த்துகிற அரைகுறைகள் இந்தத் தொழிலில் நிறைய. பின்னால் பக்கவாட்டில் கிடந்த பழைய பெஞ்சுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மூன்று பேர் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்கிற சீட் வைத்தேன். கடைசியில் டயர். பெரிய டயர், கட்டை கட்டையாகப் பல் வைத்தது. மாட்டி இறக்கியதும் வண்டி குவாரியை மறந்து நிமிர்ந்து நின்றது.

மரவேலை மட்டும் நான் செய்யவில்லை. அதை எடைக்காரரின் மச்சினன் செய்தான். மனைவியின் ஒரே தம்பி, தச்சன், கல்யாணம் ஆகாதவன். அக்காள் பெண்கள் இருவருக்கும் அப்பாவைவிட மாமாதான் உசத்தி. அடுப்பு, தண்ணீர்க் கேன், போர்வை எல்லாம் அடங்குகிற மாதிரிப் பின்பக்கம் இழுப்பறைகள் செய்து கொடுத்தான். கூலி வேண்டாம் என்றான். பதிலுக்கு, வார நாட்களில் மரம் ஏற்றிக்கொண்டு போக வண்டி அவனுக்கு. அவன் ஓட்டிய டீசலை அவனே கேனில் வாங்கி வந்து ஊற்றிவிட வேண்டும். இதுதான் பேச்சு.

வண்டியை எடுக்கிற அன்று எடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, இவ்வளவு மாத்தியிருக்கோமே. மைலேஜ் குறையுமா?"

அந்த நேரத்தில் பட்டறையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"நான் செஞ்ச வண்டியில ஒரு சொட்டு குறைஞ்சாலும் என் போர்டைக் கழட்டிடுறேன்."

அவர் அதை எண் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வந்தார்.

"டேங்க் மூடிக்குப் பூட்டு இருக்காண்ணே?"

"எதுக்குய்யா? ராத்திரி வண்டி உன் கேட்டுக்குள்ளதானே நிக்குது?"

"பகல்ல நிக்கலையே."

எனக்குப் புரிந்தது. டேங்கை நிரப்பினால், குவாரிக் கணக்குப்படி பழைய டயரில் ஓடிய தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இப்போது காணோம் என்றார். எண் தப்பாது, பட்டறைக்காரர் வாக்கும் தப்பாது, அப்படியானால் தப்புகிறவன் மூன்றாவது ஆள் என்பது அவர் கணக்கு. பூட்டு மூடியை எடுத்து நானே திருகிக் கொடுத்தேன். பெரிய டயர் போட்டால் என்ன ஆகும் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும், போர்டைக் கழற்றுகிறேன் என்று சொன்ன வாய் அதைச் சொல்லியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அடுத்து நடந்ததை அவர் மனைவி சொல்லிக் கேட்டேன். தம்பி சாயங்காலம் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டு, வழக்கம்போல டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போயிருக்கிறான். சமையல்கட்டு ஜன்னலில் இருந்து அவளுக்குத் தெரிகிறது. மூடியைத் திருக முடியவில்லை. குனிந்து பார்த்தான். கேனைக் கீழே வைத்தான். கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினான்.

"அக்கா, கேன்ல டீசல் இருக்கு. அத்தான் வந்ததும் ஊத்திக்கச் சொல்லு."

போட்டு வைத்த டீ ஆறியது. புருஷன் வந்ததும் அவள் கேட்டிருக்கிறாள்.

"என் தம்பிக்குப் பூட்டுப் போட்டீங்களா?"

"தம்பிக்கு எங்க போட்டேன்? டேங்குக்குப் போட்டேன்."

"சரி. இனிமே டேங்குகிட்டயே பேசிக்கோங்க."

மச்சினன் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியேறவில்லை. பெண்கள் கேட்டால் மாமாவுக்கு வேலை அதிகம் என்றார்கள். "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். இல்லேன்னா ஏன் வராம இருக்கான்?" என்று எடைக்காரர் என்னிடமே சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த டேங்கும் காலியானது. பூட்டுக்குள் இருந்த டேங்க். அதே ஐந்தில் ஒரு பங்கு காணோம்.

"அண்ணே, பூட்டு சரியில்ல" என்று வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

பூட்டைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அடியில் படுத்துக் குழாய் முழுக்கத் தடவினேன். ஒழுகலும் இல்லை.

"பூட்டு சரியாத்தான்யா இருக்கு."

"அப்ப டீசல் எங்கண்ணே போகுது?"

ஓட விட்டுப் பார்ப்போம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மலைப்பக்கம் கிளம்பினார், என்னையும் கூட்டிக்கொண்டார். பின் சீட்டில் இரண்டு பெண்களுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது யாருடைய இடம் என்று எல்லோருக்கும் தெரியும். போய் உட்கார்ந்தேன். பெரியவள் ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள்.

ஊரைத் தாண்டியதும் நேர் ரோடு. ஓரத்தில் கிலோமீட்டர் கற்கள். நான் இஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எடைக்காரர் ஒரு கல்லைப் பார்ப்பார், மீட்டரைப் பார்ப்பார், மறுபடி கல்லைப் பார்ப்பார். பத்துக் கல் தாண்டியிருந்தது. மீட்டர் இன்னும் ஒன்பதைத் தொடவில்லை. வண்டியை ஓரம் கட்டி இறங்கினார். முன் டயருக்குப் பக்கத்தில் போய் நின்றார். நானும் இறங்கினேன்.

"பழைய டயர் எனக்குத் தொடை வரைக்கும் வரும்" என்றார். "இது இடுப்புகிட்ட வருது."

பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். மீட்டர் சுற்றைத்தான் எண்ணும், தூரத்தை எண்ணாது. வண்டி ஓடியிருக்கிறது; மீட்டர்தான் குறைத்துச் சொல்லியிருக்கிறது. மிச்சம் கொஞ்சத்தை டயரின் கனம் குடித்திருக்கிறது. அதற்கு ஏற்றபடி மீட்டருக்குள் ஒரு சின்னப் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை.

"மீட்டர்தான் கொறச்சுக் காட்டியிருக்கு. உங்களுக்கு இது தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"டயர் மாட்ட ஆரம்பிச்ச காலத்துல இருந்து."

அவர் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். டயரின் மேல் கையை வைத்துக்கொண்டு தரையையே பார்த்தார். ஜன்னல் வழியாகச் சின்னவள் கேட்டாள்.

"அப்பா, அப்ப மாமா எடுக்கலையா?"

அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். முன் சீட்டில் இருந்த அவர் மனைவி திரும்பவே இல்லை. எடைக்காரர் ஏறி உட்கார்ந்து வண்டியை வந்த வழியே திருப்பினார்.

பாதி கட்டிய வீடு ஒன்றில் மச்சினன் கதவு மாட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. எங்களைப் பார்த்தான். கையில் இருந்த கீலைக் கீழே வைக்கவில்லை.

"மாப்ளே, மீட்டர் தப்பு" என்றார் எடைக்காரர். "டயரால. நீ ஒண்ணும் எடுக்கல. எனக்குத் தெரியும்."

"இப்பத் தெரியும் அத்தான்."

"தப்புதான்."

"மீட்டர் சொல்லுச்சு, வந்தீங்க. நான் சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா? என்னைக் கேக்கவே இல்லையே."

நான் இடையில் புகுந்தேன். என் வாய் சும்மா இருக்காது. "அவர் மேல கோவப்படாத தம்பி. மைலேஜ் குறையாதுன்னு வாய்ச்சவடால் விட்டது நான். தப்பு என்னுது."

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். "உங்க மேல எனக்கு என்னங்க கோவம். நீங்க எனக்கு என்ன முறை?"

ஊரில் நான்கு பேர் எழுந்து வணக்கம் சொல்கிற ஆள் நான். அன்றைக்கு ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அக்காள் அவன் தலையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். அதற்கு மட்டும் நின்று கொடுத்தான். பிறகு கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அந்த ஸ்க்ரூவை எடுத்துக் குடு" என்று பெரியவளிடம் சொன்னான்.

மறுநாளே பூட்டைக் கழற்றினோம், பல்சக்கரத்தை மாற்றினேன். மச்சினன் வீட்டுக்கு வரப்போக ஆரம்பித்தான். டீயும் குடித்தான். "மாப்ளே, நாளைக்கு வண்டி வேணுமா?" என்று எடைக்காரர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். "வேண்டாம் அத்தான், ஆட்டோ சொல்லிட்டேன்" என்பான். மரியாதையாகச் சொல்வான். அந்த மரியாதையில் எடைக்காரர் குன்றிப் போனார். மேடையில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்த பிறகு, டிரைவர் முகத்தையும் ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கிறார் என்று லாரிக்காரர்கள் என்னிடம் சொன்னார்கள்.

தம்பி வராமல் அந்த வண்டியில் இனி காலை வைக்க மாட்டேன் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாள். கடைசியில் பெண்கள் இருவரும் போய் மாமாவைப் பிடித்து இழுத்தார்கள். "வர்றேன். ஆனா என் வண்டியில வர்றேன்" என்றான்.

அப்படித்தான் போன வாரம் கிளம்பினோம். முன்னால் எங்கள் வண்டி, பின்னால் அவன் மோட்டார் சைக்கிள். என்னையும் வரச் சொன்னது எடைக்காரரின் மனைவிதான். காலியான சீட்டைப் பார்த்துக்கொண்டே போக முடியாது என்றாள். மண் பாதையில் எங்கள் புழுதி முழுக்க அவன் மேல். எடைக்காரர் கண்ணாடியில் பார்ப்பார், வேகத்தைக் குறைப்பார். அவனும் குறைப்பான்.

ஓர் இடத்தில் ஆறு குறுக்கே வந்தது. முழங்கால் ஆழம், உருண்டைக் கற்கள், நல்ல இழுப்பு. அக்கரையில்தான் நாங்கள் தங்க நினைத்த இடம். எங்கள் வண்டி அதைத் தாண்டும்; அதற்காகத்தானே அத்தனையும் செய்தேன். மோட்டார் சைக்கிள் தாண்டாது. எடைக்காரர் கரையில் நிறுத்தி இஞ்சினை அணைத்தார். பின்னால் அவனும் நிறுத்தினான்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். "ஏறிக்க தம்பி. நான் பின்னால சாமானோட உக்காந்துக்கறேன்."

"நீங்க உக்காருங்க."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தான். பேண்டை முட்டிக்கு மேல் சுருட்டினான். தண்ணீரில் இறங்கிவிட்டான்.

எடைக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்தார்.

"அண்ணே, நீங்க ஓட்டிட்டு வாங்க."

கண்ணாடி அறையில் உட்கார்ந்தே கனத்த உடம்பு. ஆற்றில் நடந்து பழக்கமில்லை. இரண்டாவது அடியிலேயே ஒரு கல் உருண்டு, இடுப்பு வரை நனைந்து எழுந்தார். மனைவி சீட்டை இறுகப் பிடித்தாள். மச்சினன் நின்றான். கை நீட்டவில்லை. அவர் மூச்சு வாங்க நிமிர்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கம் பள்ளம் அத்தான். என் பின்னால வாங்க."

"சரி மாப்ளே."

அவன் கால் வைத்த இடத்தில் அவர் கால் வைத்தார். அவர் தடுமாறினால் அவன் நிற்பான். அவர் நிலைத்ததும் நடப்பான். நான் லோ கியரைப் போட்டு, அவர்கள் இருவரும் அக்கரை ஏறும்வரை ஆற்றுக்குள் வண்டியை இறக்காமல் வைத்திருந்தேன்.