நிறைந்தே இருந்த பேட்டரி

தார்ச்சாலையும் மின்கம்பமும் எட்டாத மலையூர்களுக்குச் சூரிய மின்சாரம் அமைக்கத் திட்டம் போட்டுத் தருவது அவர் தொழில். பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைந்துபோய், இப்போது எல்லோருக்கும் அவர் பேட்டரிக்காரர்தான். படித்த மனுஷனுக்கு இது என்ன பெயர் என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். பகல் வெயிலை ராத்திரிக்குப் பத்திரப்படுத்துவதில்தானே செலவே இருக்கிறது? பேட்டரியைச் சின்னதாக்கினால் ஏழைக்குக் கட்டுப்படியாகும். ரொம்பச் சின்னதாக்கினால் ஊர் இருட்டில் உட்காரும். இந்த இழுபறியில்தான் அவர் தலைமுடி போனது.

மகளின் பிரசவத்துக்கென்று வெளிநாடு போன மனைவி, பேரன் பள்ளிக்கூடம் போகும் வயதாகியும் திரும்பவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடவும் இரண்டு பேர் வேண்டுமே. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு கணக்கில் உட்கார்ந்துவிடுவார். எந்த ஊர்க் கணக்கானாலும் வீட்டுக்கு ஒரு கூடத்து விளக்கு, மாலையிலிருந்து தூங்கும்வரை. இதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அப்படித் திட்டம் போட்ட ஒரு மலையூரிலிருந்துதான் அந்தச் சேதி வந்தது. பேட்டரிக்கு மாத வாடகை கட்டி மாளவில்லை, எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போங்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பேட்டரியை வாடகைக்கு விட்ட கம்பெனியும் தலையாட்டிவிட்டது. அவர் போட்ட திட்டங்களிலேயே அதுதான் செல்லப்பிள்ளை. கழற்ற ஆள் போவதற்குள் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, ஜீப் நின்ற இடத்திலிருந்து மூச்சிரைக்க ஏறினார்.

பேட்டரி அறையின் சாவியை வைத்திருந்த பெண்ணை ஊரில் சுவிட்ச் அக்கா என்பார்கள். அவள் கதவைத் திறந்துவிட்டாள். மீட்டரைப் பார்த்தால், ராத்திரி விளக்கெரிந்து வடிந்திருக்க வேண்டிய விடிகாலைப் பதிவுகளில்கூடப் பேட்டரி முக்கால்வாசிக்கு மேல் நிறைந்தே இருந்தது. மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டி, ஒயர்களைப் பிரித்துப் பிரித்து மாட்டினார். மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டியும் மீட்டர் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

பொழுது சாய்ந்து வெளியே வந்தவர் திகைத்துப்போனார். ஊரே இருட்டு. கடைசி வீட்டில் மட்டும் வெளிச்சமும் சிரிப்புச் சத்தமும். எட்டிப் பார்த்தால், ஊர் மொத்தமும் ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்து சோளம் உதிர்த்துக்கொண்டு ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அடுத்த வீடு என்று முறை வைத்திருந்தார்கள்.

திட்டம் போடுமுன் கணக்கெடுக்க வந்தபோது, சாயங்காலம் விளக்கு எவ்வளவு நேரம் எரியும் என்று வீடு வீடாகக் கேட்டிருந்தார். தூங்கும்வரை என்று எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அத்தனை பேரும் சொன்னது இந்த ஒரே விளக்கைப் பற்றி.

"வீட்டுக்கு வீடு தனித்தனியா எரியும்னு நினைச்சுட்டேன்" என்றார் அசடு வழிய.

"அவங்கவங்க வீட்ல தனியா உக்காந்து என்ன சார் பண்ணுவாங்க?" என்றாள் சுவிட்ச் அக்கா.

கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். பதில் அவருக்குத் தெரியும், அவரைவிட யாருக்குத் தெரியும்?

பாதிப் பேட்டரியைக் கழற்றி அடுத்த மலைக்கு அனுப்பிவிடலாம், வாடகையும் பாதியாகும் என்று அங்கேயே கணக்கைத் திருத்திக் காட்டினார். ஊர் கூடிப் பேசிச் சம்மதித்தது. மறுநாள் கம்பெனியும் போனில் ஒத்துக்கொண்டது. செல்லப்பிள்ளை பிழைத்தது. அவர் பையைத் தோளில் மாட்டினார்.

"இன்னிக்கு எங்க வீட்டு முறை சார். இருந்துட்டுப் போங்க" என்றாள் சுவிட்ச் அக்கா.

"வேலை முடிஞ்சிருச்சேம்மா."

அவள் கூப்பிட்டது வேலைக்காக அல்ல என்பது பாதி இறக்கத்தில்தான் அவருக்கு உறைத்தது. நின்றார். திரும்பி ஏற ஏதாவது சாக்குக் கிடைக்குமா என்று யோசித்தார். மேலே அவர் போட்டதெல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கீழே டிரைவர் ஹாரன் அடிக்க, இறங்கிப் போனார்.