ஓசிப் பெட்ரோல்

ஹிலரி ராக் தலைமுடிச் சாயமும் ஷாம்பூவும் விற்பவள். மேன்ஸ்ஃபீல்டில் கிளம்பினால் லிங்கன் வரை வழியில் இருக்கும் சலூன்காரிகள் அத்தனை பேருக்கும் அவளைத் தெரியும். வயது ஐம்பத்து நாலு. விவாகரத்தானபோது வீடு அவளுக்கு வந்தது, நாய் புருஷனோடு போனது. எதை நினைத்து அதிகம் அழுதாள் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். மதியச் சாப்பாடு காரிலேயே முடிந்துவிடும்: சீஸ் வைத்த ரொட்டி, பிளாஸ்கில் தேநீர்.

கார் கம்பெனியுடையது. வேலை, அக்கா ஜேனிஸின் கணவன் டெஸ் ஓல்டர்ஷா வாங்கிக் கொடுத்தது. கம்பெனிக் கார்களும் அவற்றின் செலவும் அவன் பொறுப்பு. முதலில் பெட்ரோலைச் சொந்தக் காசில் போட்டுவிட்டு, வேலைக்காக ஓடிய மைலை மாதாமாதம் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு பெட்ரோல் கார்டு வந்தது, இரண்டு விதமாக. பச்சைக் கார்டு வாங்கினால் வீட்டு விஷயமாக ஓடிய மைலைத் தனியே குறித்து, அந்தப் பணத்தைக் கம்பெனிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். நீலத்துக்கு எதுவும் வேண்டாம். போட்டதெல்லாம் கம்பெனி கணக்கு.

"டெஸ், எதை எடுக்கட்டும்?" என்று கேட்டாள் ஹிலரி.

"நீலம்தான் கண்ணு. ஓசியில வர்றத வேண்டாம்னு யாராவது சொல்வாங்களா?"

"வரி கிரி ஏதாச்சும்?"

"கொஞ்சம் இருக்கும். உனக்குத் தெரியக்கூடத் தெரியாது."

கையெழுத்துப் போட்டாள். குடும்பத்தில் அன்றிலிருந்து எல்லா ஓட்டமும் அவள் காரில்தான். மேபில்தோர்ப் கடற்கரையில் அக்கா குடும்பம் விடுமுறைக்காக வைத்திருக்கும் கேரவன் வண்டிவீட்டுக்கு மூன்று பேரும் மாதம் ஒருமுறையாவது போனார்கள். டெஸ்ஸின் கார் வீட்டு வாசலில் நின்றது. ஜூன் கடைசியில் அவர்கள் ஸ்பெயினுக்குப் போனபோது விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டவளும் ஹிலரிதான். "டிரைவரம்மா, வர்றப்பவும் நீதான்," என்று டெஸ் சீட்டைச் சாய்த்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். தனியாக இருப்பவளுக்கு, யாராவது தன்னை எதிர்பார்த்துக் காத்திருப்பது பிடிக்காமல் போகுமா?

செப்டம்பரில் சம்பளம் குறைந்தது. குறைந்தது என்றால் சமையலறைக் கூரை ஒழுகலை அடைக்க வைத்திருந்த பணத்தில் கைவைக்கும் அளவுக்கு. டெஸ்ஸிடம் கேட்டாள். "வரி ஆபீஸ்காரன் எதையாவது உளறியிருப்பான், போன் பண்ணு," என்றான். பண்ணினாள். போனில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காக்கவைத்த பிறகு ஒரு பெண் வந்தாள். பொறுமையானவள்.

"நீங்க எவ்வளவு பெட்ரோல் போட்டீங்கங்கறது கணக்கே இல்லைங்க. வீட்டு உபயோகத்துக்குக் கம்பெனி செலவுல ஒரு லிட்டர் போட்டாலும் முழு வருஷ வரிதான். உங்க கார் விடற புகையோட அளவ வச்சு ஒரு தொகைய நிர்ணயிச்சிருவாங்க."

"நான் வாரக் கடைசியில மட்டுந்தான ஓட்டினேன்?"

"அது செல்லாதுங்க. ஏப்ரலோட முடிஞ்ச வரி வருஷத்துக்கான பணத்தத் திருப்பிக் கட்டணும்னு கம்பெனியோட ஏற்பாடு இருந்து, ஜூலை ஆறுக்குள்ள கட்டியிருந்தா வரியே வந்திருக்காது. உங்க கம்பெனியில யாரும் சொல்லலையா?"

"அக்கா வீட்டுக்காரருதான் அதைப் பாக்கறாரு. அவருக்கும் தெரிஞ்சிருக்காது, பாவம்," என்றாள் ஹிலரி.

ஓசியில் போட்ட பெட்ரோலின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரி. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு மேசையில் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள். டெஸ்ஸுக்கும் இதே அடி விழுந்திருக்குமே என்ற கவலைகூட அவளுக்கு இருந்தது. மாட்டிறைச்சியை வெட்டிக்கொண்டிருந்த டெஸ் நிமிரவில்லை.

"நல்லவேளை, இவர் பச்சை வாங்கினாரு," என்றாள் ஜேனிஸ், உருளைக்கிழங்கைத் தள்ளிவைத்தபடி. "நீலம் எடுக்கறவன் ஏமாளின்னு அப்பவே சொன்னாரே. அப்போ உன்கிட்ட..." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஹிலரி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பவேன்னா எப்போ?"

"எல்லாம் கார்டோட வந்த தாள்ல இருந்தது," என்றான் டெஸ். "நீதான் படிக்கல."

"நான் தாளைக் கேக்கல டெஸ். உன்னைக் கேட்டேன்."

"பாரு ஹிலரி, ஒவ்வொருத்தர் மைலையும் நான்தான் சரிபாக்கணும். நீ நீலம் எடுத்தா எனக்கு ஒரு வேலை மிச்சம். அவ்வளவுதான். அதுக்குள்ள குழம்பு ஆறுது."

"கேரவனுக்குப் போனமே, அதுவும் உன் வேலை மிச்சந்தானா? ஏர்போர்ட்டுக்குப் போறப்ப ஜூலை ஆறு இன்னும் வரல, அப்பக்கூடச் சொல்லியிருக்கலாம். பக்கத்துல உக்காந்து வெயிலப் பத்திப் பேசிட்டு வந்த."

டெஸ் குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஜேனிஸ் புருஷனைப் பார்த்தாள்; தங்கையை நீலம் எடுக்கச் சொன்னவன் அவன்தான் என்பது அவளுக்குப் புதிது என்று முகத்திலேயே தெரிந்தது. ஹிலரி கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை நீலக் கார்டை அவன் மேசையில் வைத்துவிட்டுப் பச்சை கேட்டாள். "பச்சைதான் உனக்கு லாபம்," என்றான் டெஸ். குரலில் வழக்கமான குழைவு.

"தெரியும், மிஸ்டர் ஓல்டர்ஷா."

பக்கத்து மேசைப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் அவன் ஹிலரிக்கு மிஸ்டர் ஓல்டர்ஷாதான்.

அடுத்த ஞாயிறு ஜேனிஸ் போன் செய்தாள். "வர்றியா, வரலையா?"

"நீ இங்க வா."

"கார் அவர்கிட்ட இருக்கு."

"பஸ் ஓடுது ஜேனிஸ்."

இரண்டு பஸ் மாறி, ஆப்பிள் புட்டிங்கை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள் ஜேனிஸ். ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி இருந்தது. ஜேனிஸ் அதைச் சுற்றிப் போய்ப் புட்டிங்கை மேசையில் வைத்தாள். சலூன்காரிகளின் கதைகளைப் பேசினார்கள். டெஸ் பெயரை இருவருமே எடுக்கவில்லை. இருட்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அக்காவை பஸ்ஸில் அனுப்ப மனம் வராமல் ஹிலரி காரை எடுத்தாள். கிளம்பும்முன் மீட்டரில் இருந்த மைலைக் குறித்துக்கொண்டாள். அக்காவின் தெருமுனையில் நிறுத்தினாள்.

"வீடு வரைக்கும் வரமாட்டியா?" என்றாள் ஜேனிஸ்.

"குடை பின் சீட்டுல இருக்கு, எடுத்துக்கோ," என்றாள் ஹிலரி.