லின்ட்ஸியின் வண்டிக்கு அசல் பிரேக்

உங்கள் வீட்டில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறதா? அதன் பிரேக் டிரம்மைக் கடைசியாகத் திறந்தபோது உள்ளே படிந்திருந்த சாம்பல் நிறத் தூசியை என்ன செய்தீர்கள்? வாயால் ஊதினீர்களா, காற்றுக் குழாயால் அடித்தீர்களா? அப்போது பக்கத்தில் யார் நின்றார்கள்?

அடிலெய்டுக்கு அப்பால் இருக்கும் கடினா என்ற சிற்றூரில் ரெக்ஸ் ட்ரெகென்சாவிடம் இதை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார். பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்தே தலை நரைத்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாமல் நண்பன் லின்ட்ஸி கிட்டோவின் கொட்டகைக்குப் போனவர். அங்கே இருவரும் பழைய வண்டிகளைப் பிரித்தார்கள், கழுவினார்கள், மறுபடி பூட்டினார்கள். டிரம்மைத் திறந்தால் ஒருவர் பிடித்துக்கொள்வார், மற்றவர் காற்றடிப்பார். தூசி பறந்ததும் இருவரும் தும்முவார்கள். பிறகு தேநீர்.

லின்ட்ஸி குளிர்காலத்தில் இறந்துபோனார். நுரையீரலை மூடியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய். ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் இழை உள்ளே தைத்துப் பல பத்தாண்டுகள் படுத்துக் கிடந்து, ஆள் ஓய்வுபெற்று நிம்மதியாக உட்காரும்போது எழுந்து வரும். "எங்க வேலை பாத்தீங்க?" என்று மருத்துவர் கேட்டார். இளவயதில் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் கப்பல் கட்டும் தளத்தில் நீராவிக் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியதை லின்ட்ஸி சொன்னார். அந்தத் தூசி கொல்லும் என்பது முதலாளிகளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும், சுற்றுகிற பையன்களுக்கு முகத்தில் கட்ட ஒரு துணிகூடக் கொடுக்கவில்லை. "கடவுள் சித்தம்" என்று சவ அடக்கத்தில் பாதிரியார் ஆரம்பித்தபோது ரெக்ஸ் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். சித்தம் யாருடையது என்பதைச் சம்பளப் பட்டியலில் கையெழுத்திட்ட முதலாளிகளிடம் கேட்கட்டும் என்பது அவர் கட்சி.

அவர்களுடைய பழைய வண்டிச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் ஒருவர் இறந்தால், அடுத்த வசந்தத்தில் அவருடைய வண்டி ஊர்வலத்துக்கு முன்னால் போகும். ஓட்டுவது அவர் வீட்டு ஆள். மற்றவர்கள் அதை முந்தாமல், பக்கத்துக் கடற்கரை ஊரான வல்லரூவின் கடற்பாலம் வரை பின்னால் வருவார்கள். லின்ட்ஸியின் மகள் நரெல் ஓட்டுவதாகச் சொன்னாள். கோதுமைக் கிடங்குக்கு லாரி ஓட்டுகிறவள், பயம் அறியாதவள். வண்டியைத் தயார் செய்து தருவதாக ரெக்ஸ் வாக்குக் கொடுத்தார்.

அது ஐம்பதுகளின் பி.எஸ்.ஏ., ஒற்றைச் சிலிண்டர், கழுதையைப்போல உழைக்கும் வண்டி. அதை லின்ட்ஸியாகவே ஆக்கிவிட வேண்டும் என்பது ரெக்ஸின் ஆசை. லின்ட்ஸி தன் படகுக்கு அடித்து மிச்சம் வைத்திருந்த பெயின்ட்டை எடுத்துப் பெட்ரோல் டாங்குக்கு அடித்தார். கடற்பாலத்தில் வலை போட்டு லின்ட்ஸி பிடித்த நண்டுகளின் நீலம். கைப்பிடியை நரெலின் தோளுக்கு ஏற்பத் தாழ்த்தினார். பின் சக்கரத்தின் பக்கத்தில் லின்ட்ஸி கடைசி மாதங்களில் வெல்டு வைத்திருந்த ஓர் இரும்பு வளையம் இருந்தது. ஆக்சிஜன் சிலிண்டரைச் செருகிக்கொண்டு ஊர் சுற்ற அவர் போட்ட திட்டம். அதை ரெக்ஸ் அறுக்கவில்லை. வளையத்துக்குள் லின்ட்ஸியின் தேநீர் பிளாஸ்க் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது.

நரெல் அதைப் பார்த்துச் சிரித்தாள். "அவர் இத வெல்டு வச்ச அன்னைக்கி நான் என்ன பண்ணேன் தெரியுமா?"

"சாவிய ஒளிச்சியா?"

"இந்தக் கெழத்துக்குச் சாவி எங்க இருக்கு? பிளக்கக் கழட்டி மாவு டப்பாக்குள்ள போட்டுட்டேன். பெட்ரோலுக்குப் பக்கத்துல ஆக்சிஜனக் கட்டிக்கிட்டுக் கெளம்புறாராம். ராக்கெட்டுன்னு நெனப்பு."

"திட்டுனானா?"

"திட்ட மூச்சு எங்க இருந்துச்சு, ரெக்ஸ்?"

ரெக்ஸ் பிளாஸ்கை வளையத்திலிருந்து உருவி, மறுபடி செருகினார்.

சங்கத் தலைவர் மெர்வ் ஹாக்கிங் ஒருநாள் எட்டிப் பார்த்தார். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஒவ்வொரு திருகும் இருக்க வேண்டும் என்று உயிரை விடுகிறவர்.

"இது வண்டியா, மீன்கடைப் பலகையா? இத வடிவமைச்சவன் பாத்தா கல்லறைய விட்டு எந்திரிச்சி வருவான்."

"வரட்டும். ஸ்பேனர் புடிக்க ஆள் வேணும்."

"பிரேக்காவது அசலாப் போடுப்பா. லின்ட்ஸி ஒரு ஜோடி பிரேக் ஷூ வச்சிருந்தான்ல, தகர டப்பாவுல? அந்தக் காலத்து உருப்படி, பிரிக்கவே இல்ல. தங்கம்டா அது. இப்ப வர்ற லைனிங் எல்லாம் சோப்புக் கட்டி, வழுக்கும். ஓட்டப் போறது அவன் பொண்ணு, ஞாபகம் வச்சுக்க."

கடைசிச் சொல் ரெக்ஸின் நெஞ்சில் தைத்தது. வல்லரூவில் கடற்பாலத்துக்கு இறங்கும் சரிவில் பிரேக் பிடிக்காவிட்டால்? டப்பாவைத் தேடி எடுத்தார். மெழுகுத்தாளில் சுற்றிய புத்தம் புதிய பிரேக் ஷூ, டிரம்மில் உரசும் லைனிங் பட்டை ஒட்டியது. லின்ட்ஸி எத்தனை ஆண்டு பொத்தி வைத்திருந்தாரோ. பூட்டிப் பார்த்தார், சக்கரம் உரசியது. புது ஷூ என்றால் முனையை அரத்தால் சரித்து விடுவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. வைஸ் இடுக்கியில் பிடித்து ராவினார், உப்புத்தாளால் தேய்த்தார், டிரம்மைக் காற்றடித்துத் துடைத்தார். கை தானாகச் செய்தது. நரெல் மதியச் சாப்பாட்டுக்கு இறைச்சி அடைத்த பாஸ்டி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். இருமினாள். மேசையில் இருந்த பொடியை உள்ளங்கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு அங்கேயே ஏறி உட்கார்ந்து, அதே கையால் பாஸ்டியைப் பிய்த்துத் தின்றாள்.

மாலையில் ரெக்ஸின் மனைவி கிளெனிஸ் அவர் சட்டையைத் துவைக்க எடுத்து, வாசலில் ஓர் உதறு உதறப் போனாள்.

"இது என்ன ரெக்ஸ், கையெல்லாம் சாம்பல்? எதைப் போட்டு எரிச்சீங்க?"

ரெக்ஸ் திரும்பிப் பார்த்தார். மாலை வெயிலில் சட்டைக் கையின் மடிப்பில் பொடி மினுங்கியது.

"உதறாத. கீழ வை. அப்படியே வை, கிளென்."

தெரியாத விஷயமா அது? பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பது சங்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் நன்றாகப் பிடிக்கிறது என்று பெருமைகூடப் பேசுவார்கள். ஒரு கம்பெனி வண்டி மட்டுமல்ல, அந்தக் காலத்து வண்டி எல்லாவற்றிலும் அதுதான். ஆனால் கப்பல் தளத்துத் தூசி கொலைகாரத் தூசி. கொட்டகைத் தூசி நம்ம தூசி. மருத்துவர் வேலையைப் பற்றிக் கேட்டார், லின்ட்ஸி வேலையைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அதே இழை, அதே நெஞ்சு. அன்பினால் கிளப்பிய தூசி என்று நுரையீரல் பிரித்துப் பார்க்குமா?

மறுநாள் காலையில் ரெக்ஸ் கொட்டகைக்குப் புதுப் பூட்டுப் போட்டார். கழற்றிய ஷூவில் ஒரு துண்டை ஈரத்தில் நனைத்து, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் மூடி அடிலெய்டில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பிறகு காத்திருந்தார். காலையில் வரும் இருமலை இதுவரை குளிரின் பெயரில் எழுதி வைத்திருந்தார். இப்போது ஒவ்வொரு இருமலையும் காது கொடுத்துக் கேட்டார். அது அவருக்கு; எழுபதை எட்டப்போகும் ஆளுக்கு. நரெலுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவள் உள்ளங்கையும் அந்தப் பாஸ்டியும் கண்ணை விட்டுப் போகவில்லை.

நரெல் தொலைபேசியில் கூப்பிட்டாள். கார்புரேட்டர் சரியில்லை என்றார். மறுபடி கூப்பிட்டாள். டயர் வர வேண்டும் என்றார். மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை. லாரியோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"கொட்டகையப் பெருக்கலாம்னு போனேன். ஊர்வலம் முடிஞ்சி அங்கதான வருவாங்க எல்லாரும். பூட்டியிருக்கு. அது எங்கப்பா கொட்டகை, ரெக்ஸ்."

பெருக்கலாம் என்ற சொல்லைத்தான் ரெக்ஸ் பிடித்துக்கொண்டார்.

"உள்ள போனியா?"

"பூட்டியிருக்குன்னு சொல்றேன். என்ன ஆச்சு ஒங்களுக்கு? வண்டிய ஒடச்சிட்டீங்களா?"

"உக்காரு, நரெல்."

சொன்னார். ஷூ, அரம், காற்றுக் குழாய், மேசைமேல் இருந்த பொடி. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவளுடைய பூட்ஸையே பார்த்துச் சொன்னார். அவள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு எத்தனை வருசம் கழிச்சு வந்துச்சு?"

"நாப்பதுக்கு மேல."

"அப்ப எனக்கு எம்பது வயசு இருக்கும். அதுக்குள்ள கோதுமைத் தூசியே என்னைத் தூக்கிரும்." சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "அது போகட்டும். தெரிஞ்சவுடனே ஏன் சொல்லல? கார்புரேட்டர், டயருன்னு கத விட்டீங்களே. கப்பல் தளத்துல அப்பாகிட்ட அப்படித்தான செஞ்சாங்க? தெரிஞ்சிக்கிட்டே வாய மூடிக்கிட்டாங்க."

ஆயுள் முழுக்க ரெக்ஸ் யாரைத் திட்டிக்கொண்டிருந்தாரோ அவர்கள் வரிசையில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை.

"ரிசல்ட் வந்ததும் சொல்லலாம்னு..."

"வரும்போது சேர்ந்து பாப்போம்."

சேர்ந்தே பார்த்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ்தான். ஒருமுறை பட்ட தூசியால் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று மருத்துவமனையில் நரெலிடம் சொன்னார்கள். உள்ளே போயிருக்கிறதா என்று இப்போது காட்டும் சோதனை எதுவும் இல்லை என்றும் சொன்னார்கள். 'குறைவு' என்ற அந்தச் சொல்லை எங்கே இறக்கி வைப்பது என்று ரெக்ஸுக்குத் தெரியவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் அகற்ற உரிமம் பெற்ற இருவர் வெள்ளை உடுப்பில் வந்து கொட்டகையை நனைத்துத் துடைத்துத் தந்தார்கள். அடிலெய்டு பட்டறை ஒன்றில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் ஒட்டி வாங்கினார் ரெக்ஸ்.

மெர்வ் இதைக் கேள்விப்பட்டு வந்தார். "ஒரு சிட்டிகைத் தூசிக்கு இவ்வளவு கூத்தா? நாமெல்லாம் மூட்டை மூட்டையா முழுங்கியிருக்கோம். இன்னும் நிக்கிறோம்ல?"

"லின்ட்ஸி நிக்கல."

"அது கப்பல் தளம்."

"எந்த இழை எங்க ஏறுச்சுன்னு அவன் நெஞ்சத் தெறந்து பாத்தியா? நான் பாக்கல. அதான் எனக்குப் பயம்."

"அசல் உருப்படி இல்லன்னா சங்கத்தோட சிறந்த வண்டிக் கோப்பை கெடையாது, சொல்லிட்டேன்."

"அசலா?" என்றார் ரெக்ஸ். "அவனக் கொன்னதே அந்த அசல்தான் மெர்வ். கோப்பைய நீயே வச்சிக்க. அதுல தேத்தண்ணி ஊத்திக் குடி, கிழட்டு ஆடே."

ஊர்வலத்தன்று காற்று பலமாக இருந்தது. நீல வண்டி முன்னால், பிளாஸ்க் வளையத்தில். ரெக்ஸ் பின்னால் தன் வண்டியில் வந்தார். கண் முழுக்க நரெலின் முன் சக்கரத்தின்மேல். புது லைனிங் பழக நாளாகும். மெர்வ் சொன்ன 'சோப்புக் கட்டி' காதில் ஓடிக்கொண்டே இருந்தது. தன் பயத்துக்காக அவளை வழுக்கும் பிரேக்கில் ஏற்றிவிட்டோமோ? சரிவு வந்தது. கீழே கடற்பாலம், இரண்டு பக்கமும் வேடிக்கை பார்க்கும் சனம். நரெல் பிரேக்கை அழுத்தினாள். வண்டி கிறீச்சென்று கத்தியது, பன்றியைப் பிடித்ததுபோல. வேகம் குறையவில்லை, பிறகு கொஞ்சம் குறைந்தது, பிறகு நன்றாகக் குறைந்தது. பாலத்தின் முதல் பலகைக்கு முன்னால் நின்றாள்.

ரெக்ஸ் வண்டியை நிறுத்தினார். இறங்கி அவள் அருகே போனார்.

நரெல் பிளாஸ்கை உருவி மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினாள். "புடிக்குது ரெக்ஸ். சத்தந்தான் எங்கம்மா மாதிரி." அவர் மூடியை வாங்கி, சூடு என்றும் பாராமல் ஒரே மடக்கில் குடித்தார். அவள் பார்த்தும் பார்க்காதவள்போல் கடலைப் பார்த்தாள்.

அங்கேயே, எல்லோரும் நண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, ரெக்ஸ் நடந்ததைச் சொல்லி, யார் யார் வீட்டில் அப்படி ஒரு டப்பா இருக்கிறது என்று கேட்டார். பலர் இன்னொரு ரொட்டி எடுக்கத் திரும்பினார்கள். அடுத்த வாரம் ஒரே ஒரு கிழவர் இரட்டை உறையில் சுற்றிக் கொண்டுவந்து, "இத எங்க குடுக்கறது?" என்று வாசலில் நின்றார். மற்றவர்கள் வரவில்லை. மெர்வின் டப்பா இன்னும் மெர்வின் அலமாரியில்தான் இருக்கிறது. ரெக்ஸுக்கு இருமல் இன்னும் வருகிறது; அது எதன் இருமல் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

ரெக்ஸ் வாழும் நாட்டில் இந்த நாருக்குத் தடை உண்டு. அப்படியும் கதை இப்படி. தடையே இல்லாத நாடுகள் இன்னும் இருக்கின்றன. ஆகவே முதலில் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், ஒன்று செய்யுங்கள். பழைய டிரம்மைத் திறந்தால் ஊதாதீர்கள், பெருக்காதீர்கள், ராவாதீர்கள். நனைத்து, மூடி, அதை முறையாக அகற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நாளை உங்கள் தெருமுனைப் பட்டறையில் ஒருவர் பிரேக் டிரம்முக்கு நேரே காற்றுக் குழாயை நீட்டினால், நாகரிகம் பார்த்து ஒதுங்கி நிற்காதீர்கள். போய் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.