அட்டையில் ஒரு ஆணி ஓட்டை

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அலுவலகத்தில் டைப் அடிக்க எதுவும் இல்லாத நேரத்தில்கூட விரல்கள் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் பல்லாவரம் தாண்டுவதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவளைப் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று ஒரு டாக்டரம்மா சொல்லிவிட்டால் என்ன ஆகும்? வீட்டில் இருப்பவர்களின் உயிரை வாங்குவேன். வாங்கினேன்.

தொண்ணூற்று ஐந்தாம் வருடம் அது. எனக்கு ஆறு மாதம். முந்தின வருடம் உண்டான குழந்தை வயிற்றில் தங்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கணவரைவிட, என் அம்மாவைவிட அதிகமாக அழுதது என் மாமியார். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றார். ஓடுகிற ரயிலில் ஏறினாயே, பனியில் மொட்டைமாடியில் நின்றாயே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். கேட்காமல் விட்டதால் அவரிடம் எதையும் மறுத்துப் பேச முடியாதவளாகிவிட்டேன்.

மொட்டைமாடி என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப். அதன் மொட்டைமாடியில், மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். ஒருவர் கடைக்காரர். சேலையூரில் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் பாதி அவர் குடும்பத்துடையது. இப்போது எல்லாம் பிளாட். என்னைவிடப் பெரியவரானாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். இன்னொருவர் விமானப் படையில் ரேடார் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை நாங்கள் சார் என்போம். மூன்றாவது நான். வானத்தைப் பார்ப்பதுதான் எங்கள் பைத்தியம். ஆனால் தாம்பரத்து வானத்தில் பாதி நாள் மேகம், மீதி நாள் சோடியம் தெருவிளக்கு வெளிச்சம். அதனால் படங்களைப் பார்த்தோம். நடைபாதைக் கடைகளில் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வருவோம். யார் கொண்டுவந்த படமானாலும் அதைக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

விசாரணைக்கு மூன்று கேள்விகள். யார் எடுத்தது? எது வழியாக வந்தது? வழியில் யார் கை பட்டது? மூன்றுக்கும் பதில் கிடைத்தால்தான் அது சுவரில் ஏறும். கேள்விகளைச் சார் சொன்னாரா நான் சொன்னேனா என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் அதிகம் கேட்டு எல்லாரையும் எரிச்சல்படுத்தியது நான்தான்.

ஒருமுறை கடைக்காரர் ஒரு நெபுலாவின், வானத்து வாயு மேகத்தின், படத்தைக் கொண்டுவந்து ஆசையாக விரித்து வைத்தார். பக்கம் முழுக்கச் செக்கச்செவேலென்று இருந்தது.

"இன்னாக்கா இது, மருதாணி அரைச்சுப் பூசினா மாதிரி கீது. நெஜமாவே இந்தக் கலரா?"

"நெஜம்தான்" என்றார் சார். "ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஃபிலிம் ஒரு மணி நேரம் வெளிச்சத்தைச் சேத்து வெச்சுக்கும். கண்ணு அப்படிச் சேத்து வெக்காது."

"அப்ப நான் மாடியில நின்னு பாத்தா?"

"சாம்பல் கலர்ல கொஞ்சம் புகை மாதிரி."

"இன்னா சார் பேஜாரு. படமே தேவலாம்."

நான் விடவில்லை. "மூணு ஃபில்டர் போட்டு மூணு கருப்பு வெள்ளைப் படம் எடுத்து, லேப்ல உக்காந்து சேத்திருக்காங்க. சேக்கறவருக்குச் சிவப்பு பிடிக்கும்னா?" என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார். அந்தப் படம் சுவரில் ஏறவே இல்லை. ஸ்வீட் ஸ்டால் காலண்டரில் பிறைச் சந்திரனின் இரண்டு கொம்புக்கும் நடுவே ஒரு நட்சத்திரம் வரைந்திருந்ததற்காகக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டவள் நான். அங்கே இருட்டாக இருப்பதும் நிலாதான், அதைத் துளைத்துக்கொண்டு எப்படி நட்சத்திரம் தெரியும் என்று கேட்டேன். அவர்கள் கால் கிலோ மிக்ஸர் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த வருடம் தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம். வடக்கே போனால் முழுசாக மறைவதைப் பார்க்கலாம். தாம்பரத்தில் பாதிக்கு மேல் மறைந்து, பிறை மிஞ்சும். வடக்கே போவதென்று இரண்டு வருடமாகத் திட்டம் போட்டது நான். எந்த ஊர், எந்த ரயில், எங்கே தங்குவது எல்லாம் என் யோசனை. கடைசியில் போனது அவர்கள் இரண்டு பேரும்தான். கிளம்புவதற்கு முன்னால் என்னைப் பார்க்க வந்தார்கள்.

"கவலப்படாதக்கா. உனக்குப் படம் எடுத்துகினு வரோம்" என்றார் கடைக்காரர்.

படமாம். எனக்குப் படம். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கிரகணத்துக்கு முதல் நாள் சாயங்காலமே மாமியார் வேலையை ஆரம்பித்துவிட்டார். கிரகண வெளிச்சம் பிள்ளைத்தாச்சி மேல் பட்டால் குழந்தை உதடு பிளந்து பிறக்கும் என்பது அவர் நம்பிக்கை. கத்தி, கத்தரிக்கோல், ஊசி எதுவும் என் அறையில் இருக்கக் கூடாது. என் வளையலில் தொங்கிய ஊக்குகளைக்கூட அவரே கழற்றிக்கொண்டு போனார். கிழக்கு ஜன்னலின் பலகைக் கதவுகளைச் சாத்தினார்கள். மேலே வெண்டிலேட்டர் இருந்தது, கம்பி மட்டும், கண்ணாடி கிடையாது. தீபாவளிக்கு வாங்கிய கலர் டி.வி.யின் அட்டைப் பெட்டியைப் பிரித்து என் கணவர் அதன்மேல் வைத்து ஆணி அடித்தார். அவருக்குச் சுத்தியல் பிடிக்க வராது. முதல் ஆணியை மரச்சட்டம் இல்லாத இடத்தில் அடித்துவிட்டார். அது அட்டையைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனது. உருவி எடுத்து, ஓரமாக வேறு இடத்தில் அடித்தார். நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஓட்டை அப்படியே இருந்தது.

காலையில் அறை கும்மிருட்டாக இருந்தது. தரையில் பாய் விரித்து என்னைப் படுக்க வைத்துவிட்டு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஹாலில் டி.வி. அலறியது. வடக்கேயிருந்து கிரகணத்தை நேரடியாகக் காட்டுகிறார்கள். என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அதன் முன்னால்.

"டி.வி.ல பாத்தா தோஷம் இல்லையா அத்தை?" என்று கேட்டேன்.

"அது படம்தானேம்மா. படத்துக்கு என்ன."

"அப்ப நானும் ஹால்ல உக்காந்து படம் பாக்கறேனே."

"ஹால்ல ஜன்னல் இருக்கு. பேசாம படு."

படுத்தேன். புரண்டேன். கால்விரல்களை நெட்டி முறித்தேன். பிறகு எதிரே, பீரோவின் அடிப்பக்கத்தில், அது வந்திருப்பதைப் பார்த்தேன்.

ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிச்சப் பொட்டு. வட்டம் இல்லை. ஓரத்தில் யாரோ கடித்திருந்தார்கள். இருட்டறை, ஒரு சின்ன ஓட்டை, எதிரே ஒரு பரப்பு. கேமரா என்றால் இவ்வளவுதானே. நான் பார்க்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அடைத்து, என்னைக் கொண்டுவந்து ஒரு கேமராவின் வயிற்றுக்குள் படுக்க வைத்திருந்தார்கள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமுவதுபோல் சமாளித்தேன்.

சூரியன் ஏற ஏற, பொட்டு பீரோவிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. கடி பெரிதாகிக்கொண்டே போனது. நடுவில் மேகம் வந்தால் மங்கிவிடும். மறுபடி பளிச்சென்று வரும். ஊர்ந்து ஊர்ந்து பாயின் விளிம்பைத் தொட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. அது வருகிற வழியில் நான் படுத்திருக்கிறேன்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. எல்லாப் படத்தையும் கூண்டில் ஏற்றிய எனக்கு, ஒரு ரூபாய் அளவு வெளிச்சத்திடம் பயம். நகர்ந்துவிடலாம், இரண்டு சாண் போதும். நகர்ந்தால் நானும் அதை நம்புகிறேன் என்று ஆகிவிடும். நகராமல் இருந்து குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தாலும், சாகிறவரைக்கும் இந்தக் காலையைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அசையாமல் இருந்தேன்.

பொட்டு என் இடுப்பை நெருங்கியபோது மாமியார் கண்ணைத் திறந்தார்.

"அது என்னம்மா?"

"படம்தான் அத்தை."

"படமா? யாரு காட்டறா?"

"யாரும் இல்ல. மேல அட்டையில ஓட்டை இருக்கு. அது வழியா சூரியனே வந்து விழுது."

"அப்ப அது படம் இல்ல. வெளிச்சம்."

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் இத்தனை சுருக்கமாக ஒரு படத்தை மடக்கியதில்லை. அவர் என் கணவரைக் கூப்பிட்டார். டி.வி. சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

"நகர்ந்து படும்மா."

"மாட்டேன் அத்தை."

அவரிடம் நான் சொன்ன முதல் 'மாட்டேன்' அது. அவர் என் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை. முட்டி போட்டு நகர்ந்து வந்து, என் வயிற்றுக்கு மேலே தன் உள்ளங்கையை நீட்டினார். பிறை அதில் ஏறி உட்கார்ந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அறுபது வயதில், எத்தனையோ கிரகணங்களை அடைத்த அறைக்குள் கழித்த அவர், முதல் தடவையாகக் கிரகணத்தைப் பார்த்தார். அவர் கை ரேகைகளுக்கு நடுவே, இரண்டு கொம்போடு, அது மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"பிறை மாதிரியே இருக்கு."

"தலைகீழா இருக்கு. ஓட்டை வழியா வந்தா திரும்பிடும்."

மேகம் வந்து அது மறைந்தது. "போயிடுச்சா?" என்றார். குரலில் இருந்தது நிம்மதி இல்லை. திரும்ப வந்ததும் கையைச் சரியாக அதன் கீழே கொண்டுபோனார். ஹாலில் ஆரவாரம் கேட்டது, டி.வி.யில் சூரியன் முழுசாக மறைகிற நொடியில் மின்னும் வைர மோதிரம் தெரிந்திருக்கும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை வலித்து, வலதுக்குப் பதில் இடதை மாற்றினார். மாற்றிய அந்த ஒரு கணம் பிறை என் புடவை மேல், வயிற்றின் மேல் விழுந்தது. நானும் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அடுத்த வாரம் சாரும் கடைக்காரரும் வந்தார்கள். சார் எடுத்த படங்களில் சூரியன் உரித்த வெங்காயம் மாதிரி வெள்ளையாக இருந்தது. பத்திரிகையில் வந்த வைர மோதிரப் படத்தையும் கடைக்காரர் வெட்டி எடுத்து வந்திருந்தார்.

"நான் கண்ணால பாத்தது இதுவும் இல்லக்கா, சார் எடுத்த அதுவும் இல்ல. சொல்லத் தெரில. நீயும் வந்திருக்கணும். உனக்குத்தான் பாக்கக் குடுத்து வெக்கல."

காபி கொண்டுவந்த மாமியார் நின்றார். "யாரு பாக்கல? நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்."

சார் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். கடைக்காரருக்குக் குஷி வந்துவிட்டது. எந்தப் படத்தையும் விசாரிப்பதுபோல் விசாரிக்க ஆரம்பித்தார். "சரி, யாரும்மா எடுத்தது?"

"யாரும் எடுக்கல. தானா வந்துது."

"எது வழியா?"

"எம் புள்ள தப்பா அடிச்ச ஆணி ஓட்டை வழியா."

"வழியில யார் கை பட்டுது?"

"என் கைதான்" என்றார் மாமியார். சிரிக்காமல் சொன்னார். அவர்கள் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

அன்று இரவு பால் கொடுக்க வந்தவர் டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"என் கை மறைச்சுதுல்ல?"

"மறைச்சுது அத்தை."

"முழுசா?"

"முழுசா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் நம்பவில்லை. நானும் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. காரணம் இல்லை என்று எனக்கே பத்துத் தடவை எடுத்துச் சொல்வேன். ராத்திரி கரண்ட் போனதும் அந்தப் பிறை மறுபடி புடவையில் வந்து விழுவதுபோல் இருக்கும். அவர் அறையிலும் மின்விசிறி நின்ற பிறகு, புரண்டு புரண்டு படுக்கிற வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தை மாதம், காலை வேளையில், பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது என் கணவர் கை நீட்டினார். மாமியார் முந்திக்கொண்டார். என்னிடமும் காட்டவில்லை. குழந்தையை வாங்கிய கையோடு வேகமாக ஜன்னலுக்குப் போய், வெயில் விழுந்த இடமாகப் பார்த்து நின்று, அதன் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கினார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு விரலால் எதையோ மெதுவாகத் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார்.

பிறகு கொண்டுவந்து என் பக்கத்தில் படுக்க வைத்தார்.

"வெயில்ல வெச்சே பாத்துட்டேன். உதடு நல்லா இருக்கு" என்றார். "இனிமே நீ தூங்கு. நானும் தூங்கறேன்."