லியனார்டின் பன்னிரண்டாம் பக்கம்

லியனார்ட் எழுதிய புத்தகம் மஸ்கெலியாவில் நூறு பிரதி விற்றதற்கு நான்தான் காரணம். பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் அதை அடுக்கி வைக்கும் மூளை இந்த ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது? பள்ளிக்கூடம் சரியாகப் போகாமலே மூன்று கதவுக் கடை வைத்தவன் இந்தச் சரிபுதீன்.

லியனார்ட், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் தபால்காரர். முப்பது வருடமாகத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கடிதம் கொடுக்கிறவர். கல்யாணம் ஆகவில்லை. பெண்களிடம் கடிதம் நீட்டும்போது கூரையைத்தான் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர் காதல் கதை எழுதிவிட்டார். நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய ஊரில் ஓர் இளவரசன், மேலே கொழுந்து பறிக்கும் ஒரு பெண். அவன் எழுதும் கடிதங்களை மீன்கள் கரை சேர்க்கும். அவள் பதிலை நாட்குறிப்பில் ஒளித்து வைப்பாள். கதை முழுக்க இவ்வளவுதான்.

முதல் வாரம் ஊர் சிரித்தது. தண்ணீருக்குள் மை கரையாதா என்று கேட்டார்கள். இளவரசனுக்குச் சொந்த வீடு உண்டா என்று கேட்டார்கள். இரண்டாம் வாரம், என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் தோட்டத்துப் பெண் தனுஜா, பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். ‘நீ தலை துவட்டும் நேரம் மட்டும் மழை நின்று பார்க்கிறது’ என்றிருந்தது.

“இது எங்க வீட்டுக்காரரு கொழும்புலருந்து எனக்கு எழுதுனது, நானா. இவரு பிரிச்சுப் படிச்சிருக்காரு.”

பொழுது சாய்வதற்குள் இன்னும் நான்கு பெண்கள் அதே வரிக்கு உரிமை கொண்டாடினார்கள். ஐந்து புருஷன்மாருக்கு இத்தனை திறமை இருந்தால் எனக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் தோட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தபால் பையை ஒப்படைத்துவிடும்படி தோட்டத் தலைவர் செல்லசாமி சொல்லிவிட்டார். லியனார்ட் என் அரிசி மூட்டையில் வந்து உட்கார்ந்தார்.

“பை இல்லாம நான் யாரு வீட்டு வாசலுக்குப் போறது, மொதலாளி?”

நான் யோசித்தேன்; நான் யோசித்தால் வழி பிறக்கும். புருஷன் எழுதிய கடிதங்களை எல்லாம் கொண்டுவரும்படி தனுஜாவுக்குச் சொல்லியனுப்பினேன்.

ஞாயிறன்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடினார்கள். போன் வருவதற்கு முன்பு புருஷன் கந்தப்பன் எழுதிய பதினொரு கடிதங்களையும் பிஸ்கட் டின்னில் கொண்டுவந்து, தனுஜாவே உரக்க வாசித்தாள். முதலாவதில் கூரைத் தகரம் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டிருந்தான். இரண்டாவதில் ஆட்டுக்கு வயிற்றால் போவது நின்றதா என்று. பதினொன்றாவது வரை ஆடுதான். சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் தாள்களை மெதுவாக மடித்தாள்.

“எழுதல, நானா. எழுதியிருப்பாருன்னே நெனச்சிட்டேன்.”

மற்ற நால்வரும் அடுப்பில் சோறு கிடப்பதாகச் சொல்லி நழுவினார்கள். செல்லசாமி தன் கையாலேயே பையை லியனார்டின் தோளில் மாட்டினார்.

மறுநாள் தனுஜா என் கடையில் வைத்து, அந்தப் புத்தகத்தையும் இன்னும் உறை ஒட்டாத கடிதம் ஒன்றையும் லியனார்டிடம் நீட்டினாள்.

“பிழை இருந்தா பாத்துக் குடுங்கண்ணே.”

“யாரு கடுதாசியும் நான் படிக்கிறதில்லம்மா.”

அவள் தாளை என் பக்கம் திருப்பினாள்.

‘போன்ல கேக்க வெக்கமா இருக்கு. இந்தப் பொஸ்தகத்தப் படிச்சிட்டு நாலு வரி எழுதுங்க. பாத்து எழுதுனாலும் பரவாயில்ல.’

பிழை எதுவும் இல்லை என்று சொல்லி, நானே பசை தடவி ஒட்டினேன். லியனார்ட் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.