இரண்டு முறை ஏலம் போன எஞ்சின்

அந்த ரயில் எஞ்சினை நான் இரண்டு முறை ஏலம் கூறினேன். முதல் முறை கூறியது என் கடமை. இரண்டாம் முறை கூறியது தப்பு. இப்போது தப்பு என்று லேசாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

வடசேரியில் எனக்குப் பலசரக்குக் கடை. எங்கள் வேதக்கோயில் சபையில் அறுப்புப் பண்டிகை ஏலத்தைப் பதினாறு வருஷமாக நான்தான் நடத்திவந்தேன். கூவி விற்கிற தொண்டை இருப்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. விழாவிட்டால் நானே கேட்டு வாங்கியிருப்பேன். மாசி மாதத்துக் கும்பப்பூ நெல்லறுப்பு முடிந்ததும் சனங்கள் நெல்லும் தேங்காயும் கோழியும் குலையுமாகக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவோம். பணம் சபைக்கு.

இதில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே திரும்பக் காணிக்கையாக வைத்துவிடுவார். அதை மறுபடி ஏலம் விடுவோம். நாலு பேர் மதிக்கிற குடும்பம் என்றால் அப்படித்தான் செய்யவேண்டும். ஒரு வருஷம் ஒரே மட்டிப்பழக் குலை ஐந்து தடவை ஏலம் போனது. ஐந்தாவதாக எடுத்தவரும் திரும்ப வைக்கப் பார்த்தார். பழம் உதிர ஆரம்பித்துவிட்டதால் நான்தான் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னேன். நானும் குறை வைத்ததில்லை. வருஷாவருஷம் என் மனைவி சத்தியபாய் பேரில் ஏதாவது எடுப்பேன். ஒரு வருஷம் குடை, ஒரு வருஷம் நீலப்பூப் போட்ட பீங்கான் கிண்ணம், ஒரு வருஷம் சேவல். எடுத்த கையோடு திரும்ப வைத்துவிடுவேன்.

இனி தங்கபாயைச் சொல்கிறேன். மிஷனில் ரேந்தை, அதாவது லேஸ், பின்னுகிற அறையில் என் மனைவிக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள். மடியில் உருண்டைத் தலையணை, அதில் நூற்றுக்கணக்கில் குண்டூசி, கையில் நூல் சுற்றிய மரக்கட்டைகள். அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பூவும் இலையுமாகப் பின்னவேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் குனிந்த தலை. வயது முப்பத்தெட்டு. கலியாணம் கூடிவரவில்லை. அதைப் பற்றி ஊர் பேசி ஓய்ந்து, இப்போது பேசுவதற்கு வேறு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த அண்ணன் ஜெபதாசின் வீட்டில், அண்ணி குளோரியின் வாய்க்குப் பயந்து இருந்தாள்.

ரேந்தை கண்ணைத் தின்கிற வேலை. அவளுக்கும் கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஆகவே நாலைந்து வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து நாற்பத்திரண்டு ரூபாய் வைத்திருந்தாள். என் கடைக்கு எதிர்த்த தையல்கடை வைகுண்டராஜன் ஒரு பழைய கைத் தையல் மிஷினை நாற்பது ரூபாய்க்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அது வந்துவிட்டால் வீட்டிலிருந்தே சட்டை தைக்கலாம். அண்ணியிடம் கைநீட்டாமல் காலம் தள்ளலாம். இது அவளே போட்ட திட்டம். நாங்கள் எல்லோரும் அதை மெச்சினோம்.

இந்த நேரத்தில்தான் அந்த எஞ்சின் வந்து சேர்ந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம். சீமைக்குத் திரும்பிய மலைத்தோட்டத்துத் துரை ஒருவர், அதைப் பண்டிகைக் காணிக்கையாக அனுப்பியிருந்தார். விளையாட்டுச் சாமான் என்று சொன்னால் அதற்கு மரியாதை இல்லை. ஒரு முழ நீளம், பச்சை வர்ணம், பித்தளையும் எஃகுமாக அப்படியொரு கனம். தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்குக் கொளுத்தினால் நிஜ எஞ்சின் மாதிரியே நீராவியில் ஓடும். சீமையில் இதன் விலைக்கு இங்கே ஒரு சோடி உழவுமாடு வாங்கலாம் என்றார் துரையின் கிளார்க்.

நாஞ்சில் நாட்டில் அப்போது ரயில் கிடையாது. பார்க்கவேண்டுமானால் பஸ் ஏறித் திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ போகவேண்டும். தங்கபாய் இரண்டுக்கும் போனதில்லை. அவள் பின்னிய ரேந்தைதான் ரயிலேறிக் கப்பலேறிச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத் தரையில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி, கிளார்க் அதை ஓட்டிக் காட்டினார். தண்ணீர் கொதிக்க வெகுநேரம் ஆனது. பாதிப் பேர் கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு அது உஸ்ஸென்று இரைந்து, தானாகவே நகர்ந்து, ஏழு சுற்றுச் சுற்றியது. எல்லோரும் சிரித்தோம். தங்கபாய் சிரிக்கவில்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, சக்கரத்தோடு முன்னும் பின்னும் போய்வந்த கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீராவி முன்னால தள்ளுது, சரி. பிறவு பின்னால எப்படித் தள்ளுது? திரும்பணும்ணு அதுக்கு ஆரு சொல்லுதது?” என்று கிளார்க்கிடம் கேட்டாள்.

“அதெல்லாம் உள்ளே இருக்கும்மா,” என்றார் அவர். அவருக்கும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை ரேந்தையில் கட்டைகளைத் தப்பாக மாற்றிப் போட்டு, ஒரு சாண் அளவு பிரித்து மறுபடி பின்னவேண்டி வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை என்று என் மனைவி வந்து சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை தையல்கடைக்கு வந்தாள். நான் என் கடையிலிருந்து பார்த்தேன். மிஷினில் ஒரு கந்தலைக் கொடுத்து நேராகத் தைத்தாள். அடிப்பக்கத்தைச் சாய்த்துக் காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

“எண்ணெய் விட்டுத் தயாரா வச்சிருக்கேன் தாயி. பண்டிகை கழிஞ்சா பூதப்பாண்டிக்காரர் ஒருத்தர் கேக்காரு,” என்றார் வைகுண்டராஜன்.

அவள் சரி என்று சொல்லிவிட்டுப் போனாள். பாதித் தெருவில் நின்று திரும்பி வந்தாள். மறுபடி போனாள். கடைசியில் என் கடைக்குள் ஏறி, தேவையே இல்லாமல் கொஞ்சம் மிளகு வாங்கினாள்.

“அந்த எஞ்சினு எவ்வளவுக்குப் போவும் அண்ணே?”

“பெரிய ஆளு ஆராவது முப்பது, நாப்பதுண்ணு கேப்பாரு. திரும்ப வைப்பாரு. இன்னொருத்தர் எடுப்பாரு. சபைக்கு நல்லாத் தேறும்.”

“கடைசில அத ஆரு வீட்டுக்குக் கொண்டுபோவா?”

“ஆராவது கொண்டுபோவா,” என்றேன். நான் கணக்குப் போட்டது சபைக்கு. அவள் எதற்குக் கேட்டாள் என்று யோசிக்கிற புத்தி எனக்கு அன்று இல்லை.

புதனும் வியாழனும் பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாளாம். எஞ்சின் இருந்த அலமாரி பூட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை ரேந்தை அறையில் என் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

“ஏட்டி, நீ என்ன சின்னப் பிள்ளையா?” என்று கேட்டிருக்கிறாள் சத்தியபாய்.

“சின்னப் பிள்ளையா இருந்தா ஆராவது வாங்கித் தந்திருப்பாவ. எனக்கு நான்தானே வாங்கணும்? அதத் தொறந்து பாக்கணும் அக்கா. பாக்காம இருக்க முடியல்ல.”

“கண்ணு போயிட்டா என்ன செய்வே? மிஷினு வேண்டாமா?”

“வேணும். அதுதான் ஒறக்கம் வரமாட்டேங்குது.”

என் மனைவி இதை என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஏதாவது புத்திமதி சொல்லிக் கெடுத்திருப்பேன்.

சனிக்கிழமை மிஷின்தான் என்று முடிவு கட்டி, இரண்டு வாய் சோறும் உண்டாளாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பணத்தை முடிச்சோடு அண்ணனிடம் கொடுத்து, “எம்பேருல அந்த எஞ்சினைக் கேளு. இதுக்கு மேல போனா விட்டிரு,” என்றாள். எங்கள் சபையில் பெண்கள் ஏலம் கேட்பதில்லை. அப்பனோ அண்ணனோ கணவனோதான் கேட்கவேண்டும். ஜெபதாஸ் மறுபேச்சுப் பேசவில்லை. தங்கச்சி இருபத்திரண்டு வருஷ வேலைக்கு ஆண்டவருக்கு நன்றி செலுத்துகிறாள் என்று நினைத்து, அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தேங்காய்க்கும் சேவலுக்கும் நாங்கள் செய்வதைத்தான் அவளும் எஞ்சினுக்குச் செய்யப்போகிறாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்கும் வரவில்லை.

ஏலத்தில் ஒரு வக்கீல் விடாமல் மேலே ஏற்றிக்கொண்டு போனார். முப்பத்தைந்தில் அவர் நின்றார். ஜெபதாஸ் முப்பத்தெட்டு என்றான்.

“முப்பத்தெட்டு, ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்.” எஞ்சினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அதே மூச்சில் தொடர்ந்தேன். “நம்ம தங்கபாய் இதைத் திரும்பவும் ஆண்டவருக்கே வைக்கா. கேளுங்க, கேளுங்க.”

வக்கீல் பத்து என்றார். இன்னொருவர் பதினைந்து என்றார். வக்கீல் இருபது என்றார்.

“இருபது, ஒருதரம்…”

பெண்கள் பக்கம் பாயில் ஓர் அசைவு. தங்கபாய் எழுந்து நின்றாள். பாட்டுக்கும் ஜெபத்துக்கும் தவிர அந்தப் பக்கத்தில் யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

“அண்ணே, நான் குடுக்கல்ல,” என்றாள்.

“என்ன மக்கா?”

“நான் திரும்பக் குடுக்கல்ல. அது எனக்கு வேணும்.”

“ஏட்டி, இரி,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் ஜெபதாஸ்.

அவள் உட்காரவில்லை. கோயிலே என்னைப் பார்த்தது. எனக்கு வந்தது கோபம்தான். பதினாறு வருஷத்தில் என் ஏலத்தை யாரும் நடுவில் நிறுத்தியதில்லை. ஆனாலும் அவள் மானத்தைக் காப்பாற்றுகிற பெரிய மனுஷனாக, ஒரு வழி திறந்துவிட்டேன்.

“அண்ணன் பிள்ளைகளுக்காக்கும், இல்லியா? பிள்ளைகளுக்குண்ணா கொண்டுபோ.”

தலையை ஆட்டியிருந்தால் போதும், எல்லோரும் சிரித்து முடித்திருப்போம். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சத்தியபாய் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

“பிள்ளைகளுக்கு இல்ல. எனக்குத்தான்.”

‘ரெண்டுதரம்’ சொல்லாமலே எஞ்சினை இறக்கினேன். அவளே நடந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு அவளுக்கு ‘எஞ்சின்’ என்றே பேராயிற்று. குளோரி இரண்டு வாரம் பேசவில்லை. அதில் தங்கபாய்க்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மிஷின் பூதப்பாண்டிக்குப் போய்விட்டது. நான் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்றாவது வாரம் சத்தியபாய்தான் என்னைப் பிடித்து இழுக்காத குறையாக அவள் வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

எஞ்சின் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு திருகாணியும் கழற்றிய வரிசைப்படி ரேந்தைத் தலையணையில், குண்டூசிகளுக்கு நடுவில் நின்றது. விரல்நகம் அளவு ஒரு பித்தளைத் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீராவிக்கு ஒண்ணும் தெரியாது அண்ணே. இதாக்கும் இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்கா வழி தொறந்து விடுதது. நாங்க கட்டை மாத்திப் போடுவோமே, அதே வேலை.” சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

“மிஷினு போனதுல வருத்தம் உண்டா?” என்று கேட்டேன்.

“உண்டு,” என்றாள். “நேத்து ஊசிக்கு நூல் கோக்கவே மூணு தடவை ஆச்சு. மறுபடி சேக்கணும்.” சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பூட்டினாள். அவள் விரலுக்குக் கண் தேவைப்படவில்லை, தொட்டே பூட்டினாள். தண்ணீர் ஊற்றி விளக்கைக் கொளுத்தினாள். அது ஓடியது. நான் இந்தத் தடவை அந்தக் கம்பியைப் பார்த்தேன்.

திரும்பி நடந்தோம். வடசேரி நெருங்கும்போது சத்தியபாய் கேட்டாள்.

“அந்த நீலப்பூக் கிண்ணம் ஒங்களுக்கு ஓர்மை உண்டா?”

“எந்தக் கிண்ணம்?”

“எம்பேருல எடுத்துத் திரும்ப வச்சீங்களே. பதினோரு வருஷம் ஆச்சு. அதுல தயிரு ஊத்தி வைக்கணும்ணு இருந்தேன்.”

“அப்பவே சொல்லப்பிடாதா?”

“எங்க சொல்லதுக்கு? மூணுதரம் சொன்ன பிறவு நீங்க மூச்சு விடல்லியே,” என்றாள் சத்தியபாய்.