மீற்றரில் தெரிந்த ஜெயனியின் நெஞ்சு

கொக்குவில் பிரசாந்தி முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடும் ரீச்சர். அதற்கு முன்பே, ஊர் கண் விழிக்கிற நேரத்தில், பந்தயச் சைக்கிளில் சுன்னாகம்வரை பறந்துவிட்டு வந்திருப்பாள். "பொம்பிளைப் பிள்ளைக்கு உதென்ன ஓட்டம்?" என்று கேட்டவர்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனார்கள். அவள் களைக்கவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கே அவளைக் கும்பிடலாம்.

கனடாவில் இருக்கும் அண்ணை அனுப்பிய சின்ன மீற்றர் ஒன்று அவளுடைய சைக்கிள் கைபிடியில் இருந்தது. நெஞ்சில் கட்டும் பட்டி துடிப்பை எண்ணும். வயர் இல்லாமலே மீற்றர் அதைக் காட்டும். ஒருமுறை சேர்த்துவிட்டால், தன்னுடைய பட்டியைத் தவிர வேறெதையும் அது ஏறெடுத்தும் பாராது.

அன்றைய போட்டி கீரிமலையில் தொடங்கி யாழ்ப்பாண நகரில் முடிவது. மாகாண அணியில் ஒரேயொரு இடம்தான்; முதலாவதாக வருபவளுக்கே அது. அம்மா பத்மாவதி சும்மா இருப்பாவா? நகுலேஸ்வரத்து விபூதியை மகளின் நெற்றியில் பூசியது போதாதென்று, பட்டியின் உட்புறத்திலும் அள்ளி அப்பிவிட்டா. நெஞ்சுக்குக் காவலாம்! ஈரமாக இருந்தால்தான் பட்டி வேலை செய்யும். விபூதி அந்த ஈரத்தை உறிஞ்சிக் குடித்துவிட்டது.

தொடக்கக் கோட்டில் நின்று பார்த்தால் மீற்றரில் எண்ணே இல்லை. பதறிப்போன பிரசாந்தி மீற்றரில் பதிந்திருந்த பட்டியை அழித்துவிட்டுப் புதிதாகத் தேடவிட்டாள். ஒன்று அகப்பட்டது. அது தன் பட்டியில் பொறித்திருக்கும் இலக்கம்தானா என்று பார்க்காமலே அமத்திவிட்டாள். இத்தனை பெண்கள் இத்தனை பட்டிகளோடு நிற்கிற இடத்தில் செய்கிற வேலையா அது? ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு.

சுன்னாகம் தாண்டியபோது முன்னால் இரண்டு பேர்தான்: அவளும் அரியாலை ஜெயனியும். மீற்றர் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு காட்டியது. பிரசாந்திக்கோ பெரிதாக மூச்சு வாங்கவில்லை. பயந்துபோய் மிதிப்பதைத் தளர்த்தினாள், எண் இறங்கவில்லை. ஜெயனி எழும்பி நின்று மிதித்தாள், எண் ஏறியது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

எதிராளியின் நெஞ்சு கண்முன்னே விரிந்து கிடக்கிறது. அவள் துவளும் கணம் பார்த்துப் பாய்ந்தால் அணியில் இடம் நிச்சயம். ஒரு குருவிக்கும் தெரியவராது. பிரசாந்தி என்ன செய்தாள் தெரியுமா? பக்கத்தில் போய், "எடியே, உன்ரை நெஞ்சடிப்பு என்ரை மீற்றரிலை தெரியுது. பிழையாச் சேத்துப்போட்டன்" என்றாள். மீற்றரைக் கழற்றி முதுகுப் பொக்கற்றுக்குள் போட்டாள்.

ஜெயனி மூச்சிரைக்கத் திரும்பினாள். "விசரி! பாத்துப் பாத்து என்னை விழுத்தியிருக்கலாமே?"

"உன்னை விழுத்த எனக்குக் காலிருக்கு."

கொக்குவிலில் சனம் பிரசாந்தியின் பெயரைக் கத்தியது. நகரத்துக்குள் இருவரும் பேய் மாதிரி மிதித்தார்கள். முடிவுக் கோட்டில் ஜெயனி அரைச் சில்லு முந்தினாள்.

பிரசாந்தி வீதியோரம் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள். நடந்ததை அவள் சொல்லக் கேட்ட பத்மாவதிக்குப் பொறுக்கவில்லை. "வாயை மூடிக்கொண்டு அதைப் பாத்து ஓடியிருந்தால் நீயல்லோ வெண்டிருப்பாய்!"

"பாத்தனான் அம்மா," என்றாள் பிரசாந்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இனி ஏலாதெண்டு அவளின்ரை நெஞ்சு சுன்னாகத்திலேயே சொல்லிப்போட்டுது. அவள் கேக்கேல்லை."